கம்பும் கராத்தேயும் - எங்க ஊர் வாத்தியார் கேட்ட கடுதாசி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, பாதி எழுதி, அப்படியே கிடப்பில் போட்ட பதிவு இது. போன மாசம் ஊருக்குப் போனப்போ எங்க சிலம்ப வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். அதனால தூசி தட்டி எடுத்திருக்கேன். கொஞ்சம் நீளம்தான் மக்களே, டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

வாத்தியாருக்கு இப்போ எழுபது தாண்டியாச்சு. சிவகாசிக்குப் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். முப்பது வருஷத்துக்கு மேல பட்டாசு ஆபீஸ்ல வேலை பார்த்தவர். (எங்க பக்கம் தொழிற்சாலையை 'ஆபீஸ்'னுதான் சொல்றது. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். மாப்பிள்ளை ஆபீஸ்ல வேலைன்னு கேட்டு பேனா பிடிக்கிற உத்தியோகம்னு நினைச்ச வெளியூர் சம்பந்திகள் உண்டு.) சாயங்காலம் வேலை விட்டு வந்து, அலுமினியப் பவுடர் படிஞ்ச கையைத் தேய்ச்சுக் கழுவிட்டு, சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுத்தம் பண்ணின பொட்டல்ல எங்களுக்குக் கம்பு சொல்லிக் கொடுப்பார். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணுல அந்த வெள்ளி மினுக்கு போகாது. 1984-ல நான் அங்கே சேர்ந்தப்போ எனக்கு எட்டு வயசு. நாப்பது பையன்களுக்குக் குறையாம இருந்தோம். இப்போ ஆறு பேர்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்ல என்னமோ கதையெல்லாம் எழுதுறியாமே. நான் என்னென்ன சொல்லிக் குடுத்தேன், அதெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடு. பிள்ளைக சர்டிபிகேட் கேக்குறாக. எங்கிட்ட என்ன இருக்கு, கம்புதான் இருக்கு"ன்னார்.

ஒரு பக்கத்துல முடிஞ்சிடும்னு நினைச்சு உட்கார்ந்தேன். 'எங்கிருந்து வந்துச்சு' என்கிற கேள்வியிலேயே மாட்டிக்கிட்டேன். அந்த மாட்டலோட விவரம்தான் இந்தப் பதிவு.

முதல்ல விருதுநகர். பரோட்டாவுக்கு முன்னாடியே இந்த ஊர் சண்டைக்குப் பேர் போனது, அதாவது ஊர்ப் பேரே ஒரு சண்டையில இருந்து வந்ததா சொல்லுவாங்க. பல ஊர் போய் ஜெயிச்சு, ஜெயிச்ச விருதுகளையெல்லாம் சுமந்துக்கிட்டு ஒரு வீரன் வந்தானாம். என்னோட மோத யாராவது இருக்கீங்களான்னு ஊர்க்காரங்களைக் கூப்பிட்டானாம். உள்ளூர்க்காரன் ஒருத்தன் இறங்கி அவனை வெட்டிச் சாய்ச்சு விருதையெல்லாம் எடுத்துக்கிட்டான். அதனால 'விருதுகள் வெட்டி'. அது விருதுபட்டி ஆகி, 1923-ல விருதுநகர் ஆச்சு. ஊர் மாறினது பதிவுல இருக்கு, வெட்டினது கதையில இருக்கு. கதை உண்மையான்னு என்னைக் கேட்காதீங்க. ஆனா எப்படிப்பட்ட சண்டையை ஒரு ஊர் ஞாபகம் வச்சுக்க விரும்புதுன்னு அது சொல்லுது. ஒத்தைக்கு ஒத்தை, ஊரே சுத்தி நின்னு பார்க்கணும், ஜெயிச்சவனுக்கு விருது.

இதே மாதிரி சண்டை நம்ம பழைய இலக்கியத்துல இருக்கு. புறநானூற்றுல சாத்தந்தையார் பாடின பாட்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோட மோதுறான். ஒரு காலை மல்லன் மார்புல ஊன்றி, இன்னொரு காலால அவன் தந்திரத்தைத் தடுத்து முதுகை வளைக்கிறான். புலவர் நேர்ல பார்த்து எழுதின மாதிரி இருக்கும். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' பட்டம், மாமல்லபுரத்துக்குப் பேர் வந்தது அதனால. அதாவது மல்லு என்பது ராஜா காரியமா இருந்திருக்கு. கோதா, மண்ணு, தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டைன்னு அதோட பயிற்சி முழுக்க உடம்பைக் கட்டுறது. எதிர்ல ஒரே ஆள், அவன் கையிலயும் ஆயுதம் கிடையாது. அதனால பலம்தான் முக்கியம்.

வாத்தியார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த ரகமே இல்லை. முதல் மூணு மாசம் கம்பையே கையில தரமாட்டார். காலடி மட்டும்தான். ஒத்தைக் காலடி, ரெட்டைக் காலடி, கிழக்கே ரெண்டு, திரும்பி மேற்கே ரெண்டு, அப்புறம் வடக்கு, தெற்கு. முழங்கால் வலிச்சு அழுதிருக்கேன். "எதுக்கு வாத்தியாரே பின்னாடி திரும்பணும், எதிரி முன்னாடிதானே இருக்கான்?"னு கேட்டேன். "ஒருத்தன்தான் வருவான்னு உனக்கு லெட்டர் போட்டானா?"ன்னு கேட்டார்.

அப்போ அது கிண்டலா தெரிஞ்சுது. இப்போ படிக்கும்போதுதான் விஷயம் உறைக்குது. எந்தப் பயிற்சி முறையை எடுத்தாலும் நான் முதல்ல கேட்கிற கேள்வி இதுதான்: இதைக் கத்துக்கிட்டவன் யாரை எதிர்பார்த்துக் கத்துக்கிட்டான்? ஒருத்தனையா, கூட்டத்தையா?

எங்க வட்டாரத்துல எதிர்பார்த்தது கூட்டத்தைத்தான். 19-ம் நூற்றாண்டுல ராமநாதபுரம் சீமையில சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டைன்னு ஆறு ஊர் வியாபாரத்துல வளர்ந்தது. (நாங்க 1985 மார்ச் வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டம்தான், புதுசா படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன்.) மாட்டு வண்டியில சரக்கு. வழியில கொள்ளை பயம். அதனால வண்டிகள் சேர்ந்து போகும், போய் இறங்குற ஊர்ல மதில் வச்ச 'பேட்டை'யில சரக்கையும் மாட்டையும் அடைப்பாங்க. அந்தப் பேட்டைக்கும் கிணத்துக்கும் அப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் 'மகமை'ன்னு வியாபாரிகளே ஒரு வரி போட்டுக்கிட்டாங்க. இதையெல்லாம் ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்கிற அமெரிக்கர் 1969-ல வந்த தன் புத்தகத்துல விரிவா எழுதியிருக்கார். கருவேலங்காட்டு வழியா ராத்திரி போற வண்டிக்காரனுக்கு மல்யுத்தம் தெரிஞ்சு என்ன புண்ணியம்? அவனுக்கு வேணுங்கிறது கைக்கு நீளமா ஒரு கம்பும், நாலு பக்கமும் திரும்புற காலும். நெத்தி உயரத்துக்குக் கம்பு, இருபுறமும் பிடி மாத்திச் சுத்தினா சுத்தி ஒரு வட்டத்துக்கு யாரும் கிட்ட வர முடியாது. அடிக்கிறது ரெண்டாம்பட்சம், அந்த வட்டத்தைக் காப்பாத்துறதுதான் வேலை.

1899 ஜூன் 6-ம் தேதி சிவகாசியை ஆயிரக்கணக்கான பேர் தாக்கினாங்க. 'சிவகாசிக் கொள்ளை'ன்னு இன்னைக்கும் பெரியவங்க சொல்ற சம்பவம். கோயில் நுழைவு உரிமையில ஆரம்பிச்ச பகை, வருஷக்கணக்காப் புகைஞ்சு, சுத்துப்பட்டு கிராமங்கள்ல வீடு எரிஞ்சு, கடைசியா ஊருக்கே வந்தது. யார் யாரைன்னு சாதிப் பேர் போட்டு இங்கே எழுதப் போறதில்லை. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்க ஹார்ட்கிரேவைப் படிங்க, பின்னூட்டத்துல நூறு வருஷம் முந்தின சண்டையை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ். ஒண்ணு மட்டும் சொல்றேன். அன்னைக்கு ரெண்டு பக்கமும் கம்பு தெரிஞ்சவங்க இருந்தாங்க. எங்க பக்கத்துச் சிலம்பத்துல 'கள்ளன்கம்பு', 'மறக்காணம்', 'பனையேறி மல்லு'ன்னு வகைகளோட பேரைக் கேட்டாலே போதும், யார் யாரெல்லாம் இதை வளர்த்தாங்கன்னு புரியும். ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டவங்க ஒரே கலையைத்தான் வச்சிருந்தாங்க. இதை 'ஒரு சாதியின் வீரக்கலை'ன்னு போஸ்டர் அடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும். (போஸ்டர் அடிக்கிறதும் எங்க சிவகாசியிலதான், அது வேற விஷயம் :-))

ஆயுதம் எங்கே போச்சுன்னு ஒரு கேள்வி வரும். ஏன்னா சிலம்பம்னா கம்பு மட்டும் இல்லை. வாள், கேடயம், வேல்கம்பு, மான்கொம்பு, சுருள்வாள், கட்டாரி எல்லாம் அதுல அடக்கம். பக்கத்துச் சிவகங்கைச் சீமையில வளரி இருந்துச்சு. எறிஞ்சா சுழன்றுக்கிட்டே போய்க் காலை வாரும். ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற கம்பெனிப் படை அதிகாரி 1830-ல வெளியிட்ட ராணுவ நினைவுக் குறிப்புல எழுதியிருக்கார், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலா சொல்லிக் கொடுத்ததே சின்ன மருதுதான்னு. அதே சின்ன மருதுவை 1801 அக்டோபர்ல திருப்பத்தூர்ல தூக்குல போட்ட படையில வெல்ஷும் இருந்தார். வாத்தியாருக்கு எதிரா சண்டைக்குப் போன சீடன். அந்தப் பக்கங்களைப் படிச்சா மனுஷன் அதை மறக்கலைன்னு தெரியும்.

அதே வருஷம் டிசம்பர்ல கவர்னர் எட்வர்ட் கிளைவ் (பிளாசி கிளைவோட மகன்) பாளையக்காரர் சீமைகள்ல கோட்டையை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு போட்டார். வேல், துப்பாக்கி, வளரி எல்லாம் போச்சு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல எழுதினப்போ தஞ்சாவூர் ஆயுதசாலையில இருந்து சென்னை மியூசியத்துக்கு வந்த மூணு வளரியைக் குறிப்பிடுறார், ரெண்டு தந்தம், ஒண்ணு மரம். நூறு வருஷத்துல கையில இருந்த ஆயுதம் கண்ணாடிப் பெட்டிக்குப் போயிடுச்சு. கம்பு மட்டும் ஏன் தப்பிச்சது? என்னோட யூகம் ரொம்ப சாதாரணமானது. ஆடு மேய்க்கிறவன் கையில கம்பு, வண்டி ஓட்டுறவன் கையில கம்பு, தாத்தா கையில கம்பு. எதைன்னு பறிமுதல் பண்ணுவான் வெள்ளைக்காரன்? மிச்சத்துக்குச் சாமி கை கொடுத்துச்சு. முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னாடி, பொங்கல்ல, மேளத்தோட சேர்ந்து ஆடினா அது கலவர ஆயுதம் இல்லை, திருவிழா ஆட்டம். அலங்காரச் சிலம்பம், ரெட்டைக் கம்பு, தீப்பந்தம். பட்டாசு ஆபீஸ்காரரான எங்க வாத்தியார் தீப்பந்தம் மட்டும் தொடவே மாட்டார். "பகல் பூரா நெருப்புக்குப் பயந்துட்டு, ராத்திரி அதைத் தூக்கிச் சுத்தவா?"ன்னு கேட்பார்.

நானும் அங்கே ஒழுங்கா நிலைக்கலை. 1988-ல கராத்தேக்கு ஓடிட்டேன். புரூஸ் லீயோட 'எண்டர் தி டிராகன்' 1973-ல வந்த படம், ஆனா எங்க ஊர்த் தியேட்டர்ல அப்பவும் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. அவர் ஆடினது குங்ஃபூ வழி, நாங்க போய்ச் சேர்ந்தது கராத்தே, அந்த வித்தியாசமெல்லாம் யாருக்குத் தெரியும். வெள்ளை டிரெஸ், இடுப்புல பெல்ட், இச்சி, நி, சான்னு எண்ணி வரிசையா குத்துறது. வேட்டியை மடிச்சுக் கட்டின வாத்தியார் முன்னாடி அது ஏதோ வேற உலகம். மஞ்சள் பெல்ட் வாங்கின அன்னைக்கு அதைக் கட்டிக்கிட்டே தெருவுல நடந்தேன். வாத்தியார் எதிர்ல சைக்கிள்ல வந்தார். நின்னு, பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, "நல்ல துணி"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். இன்னைக்கும் நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

ஆயிரம் வருஷப் பெல்ட்டுன்னு நான் நினைச்சது நூறு வருஷம்கூட ஆகாத சமாச்சாரம்னு ரொம்பப் பின்னாடிதான் படிச்சேன். ஜூடோவை உருவாக்கின கானோ ஜிகோரோ 1882-ல கோடோகன் பள்ளியை ஆரம்பிச்சார். படிநிலை, கறுப்பு பெல்ட் எல்லாம் அவரோட ஏற்பாடு. ஒகினாவா தீவுல இருந்து ஃபுனாகோஷி 1922-ல டோக்கியோ வந்து கராத்தேயைக் காட்டினார். ஜூடோவோட உடுப்பையும் பெல்ட்டையும் எடுத்துக்கிட்டு 1924-ல முதல் கறுப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தார். அதுக்கும் முன்னாடி, 1901 வாக்குல, இட்டோசு என்கிற ஒகினாவா ஆசான் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துப் பாடமா கொண்டு போனார். சின்னப் பிள்ளைகளுக்கு ஏத்த மாதிரி எளிமையா புது வரிசைகளைக் கட்டினார். 1908-ல கல்வித் துறைக்குப் பத்து அம்சத்தோட ஒரு கடிதமும் எழுதினார், இது உடம்புக்கு நல்லது, படைக்கு ஆள் எடுக்கவும் உதவும், பள்ளியில சொல்லிக் கொடுங்கன்னு. கலை உலகம் பூரா போனதுக்கு அதுவும் ஒரு காரணம். பழைய கை, கால் சூட்சுமங்கள் பல வெறும் உடற்பயிற்சி அசைவா மாறினதுக்கும் அதையே காரணமா சொல்றவங்க உண்டு.

இந்த இடத்துல 'கராத்தேயே நம்ம போதிதர்மர் கொண்டு போனதுதானே'ன்னு யாராவது ஆரம்பிப்பீங்க, தெரியும். 2011-ல 'ஏழாம் அறிவு' வந்த பிறகு எனக்கு வந்த ஃபார்வேர்டு மெயிலுக்குக் கணக்கே இல்லை. போதிதர்மர் தென்னிந்தியாவுல இருந்து போனார்னு சீன மரபு சொல்லுது, சரி. ஆனா அவர் ஷாவோலின்ல பயிற்சி சொல்லிக் கொடுத்ததுக்கு ஆதாரமா காட்டுற நூல் 17-ம் நூற்றாண்டுச் சரக்கு. அதோட முன்னுரைகள் போலின்னு தாங் ஹாவோ என்கிற சீன வரலாற்றாய்வாளரே 1930-கள்ல எழுதிட்டார். எங்க வாத்தியாருக்குச் சீனாக்காரன் சிபாரிசு தேவையில்லைங்க. குமரி மாவட்டத்து அடிமுறையும் வர்மமும், வெறுங்கைக்கான குத்துவரிசையும், வியாசர்பாடிப் பக்கத்துப் பரம்பரைக் குத்துச்சண்டையும் ('சார்பட்டா' 2021-ல வந்து அதைக் காப்பாத்துச்சு) தனித்தனிப் பதிவு போட வேண்டிய அளவுக்கு இங்கேயே கிடக்கு.

இப்போ எங்க வாத்தியார் விஷயத்துக்கு வர்றேன். 2021-ல தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பம் காட்சி விளையாட்டா இடம் பிடிச்சது. எனக்குச் சந்தோஷம்தான், பாசாங்கு இல்லை. பட்டாசு ஆபீஸைத் தவிர வேற கதவு தெரியாத பிள்ளைக்குக் கம்பு ஒரு கதவைத் திறந்தா, வேண்டாம்னு சொல்ல நான் யார்? போன மாசம் டவுன்ல ஒரு வகுப்பைப் பார்த்தேன், பாதிக்கு மேல பொண்ணுங்க. எங்க காலத்துல பொண்ணுங்க அந்தப் பொட்டல் பக்கமே வந்ததில்லை. அதுக்காகவே இந்த மாற்றத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனா அங்கே சொல்லிக் கொடுக்கிறது ரெண்டு. ஒண்ணு தனியா சுத்திக் காட்டுறது, வேகத்துக்கும் அழகுக்கும் மார்க். இன்னொண்ணு வட்டத்துக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர், கம்பு உடம்புல பட்டா புள்ளி. எதிராளி எப்பவும் முன்னாடிதான். அப்போ பின்னாடி திரும்புற காலடிக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாததை எந்தப் பிள்ளை மூணு மாசம் முழங்கால் வலிக்கப் பழகும்? விருதுகள் வெட்டி வந்து வண்டிக்காரனை ஜெயிச்சுட்டான்னு எனக்குத் தோணுச்சு.

எங்க வாத்தியார் வச்ச பரீட்சை வேற. நடுவுல ஒருத்தனை நிறுத்துவார். மூணு பேர் சுத்தி நின்னு, சுண்ணாம்புத் தண்ணியில முக்கின துணிப் பந்தை எந்தப் பக்கத்துல இருந்தும் எறியலாம். கம்பு சுத்தித் தடுக்கணும். முடிஞ்சதும் சட்டையில எத்தனை வெள்ளைப் புள்ளின்னு எண்ணுவார். முதுகுல இருந்தா ரெண்டா எண்ணுவார். வீட்டுக்குப் போனா அம்மா எண்ணுவாங்க, அது வேற கணக்கு. இந்தப் பரீட்சைக்கு எந்தச் சங்கமும் சர்டிபிகேட் தரலை. அதனால இதைப் பாஸ் பண்ணினவன்னு யாரும் எங்கேயும் பதிவாகலை, சொல்லிக் கொடுத்தவரும் பதிவாகலை.

கடுதாசி எழுத அவர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தோம். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் சாத்தூர்ப் பக்கம், ஊர் மட்டும் தெரியும். பேர் கேட்டா 'மொட்டையாசாரி வாத்தியாரு'ங்கிறார், அது பேரா பட்டப்பேரா அவருக்கே தெரியலை. அவருக்கு முன்னாடி யார்? கையை விரிச்சுட்டார். சரி, காலடி வரிசைகள் பேராவது சொல்லுங்கன்னேன். ஏழு சொன்னார். அதுக்கு மேல வரலை. நெத்தியைத் தேய்ச்சார், வெத்திலை போட்டார். அப்புறம் எழுந்து மூலையில இருந்த கம்பை எடுத்துக்கிட்டு முற்றத்துல இறங்கினார். முதல்ல இருந்து மிதிச்சுக்கிட்டே வந்தார். ஏழாவது முடிஞ்சதும் கால் தானா மேற்கே திரும்புச்சு. எட்டாவது பேரை அப்படியே சொன்னார். ஒன்பதும் வந்துச்சு. பத்தாவதுக்கு உட்கார்ந்து எழணுமாம், முட்டி விடலை. கம்பை ஊன்றி நின்னுட்டு, "ஒன்பதுன்னே போட்டுக்க, மிச்சம் நாளைக்குப் பார்ப்போம்"ன்னார். மறுநாள் காலையில எனக்குப் பஸ்.

ஒன்பதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். பத்தாவதுக்கு ஒரு வரி காலியா விட்டிருக்கேன்.

டிஸ்கி: சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா, உங்க ஊர்ப் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து எழுகிற காலடியைக் கேட்டுப் பாருங்க. பேர் தெரியலைன்னா கம்பைக் கையில கொடுத்துக் கேளுங்க. வீடியோ எடுத்தா காலை எடுங்க, முகம் வேண்டாம்.